வெறும் வயிற்றில் வரச் சொன்னவள்

அதிகம் பேசாதவர்களை ஊர் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு அறுபத்து மூன்று வயது வரை அந்தச் சலுகை கிடைத்தது. பிறகு ஒரே ஒரு வாரம் வாயைத் திறந்தேன். ஏழு பெண்பிள்ளைகள் மயக்கம் போட்டு விழுந்தார்கள்.

(யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்க வேண்டாம். எனக்குப் படபடத்ததே போதும்.)

எங்கள் ஊர் வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்காலை ஒட்டிப் போகிற ஒற்றை ரோட்டில் இருக்கிறது. அங்கே ‘பிள்ளைகள் குழு’ என்று ஒன்று உண்டு. பெரிய பெயர் ஒன்று நோட்டில் எழுதியிருக்கிறது, அது யாருக்கும் ஞாபகம் இல்லை. பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கும் போகாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

குழுவுக்குத் தலைவி அமலா சிஸ்டர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஊசி போட்டால் வலிக்காது, பேசினால்தான் வலிக்கும். அடுத்தவர் மளிகைக்கடை ஷாகுல் பாய். துபாயில் இருந்துவிட்டு வந்தவர். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் பையன்கள் மதகின் மேலேறிக் குதிப்பது எங்கள் ஊர் வழக்கம். பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, லாரி டியூபும் கயிறுமாக மதகடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். “குதி தம்பி, நல்லா குதி. துபாய்ல இருக்கற ஒங்கத்தாவுக்கு வீடியோ கால் போட்ருக்கேன். அவரும் பாக்கட்டும்” என்பார். அதன் பிறகு எவன் குதிப்பான்? மூன்றாவது ரேவதி, எங்கள் தெருவில் முதன்முதலில் பட்டம் வாங்கிய பெண். நோட்டு எழுதுவது, போன் பேசுவது எல்லாம் அவள்.

நான்காவது நான். எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சமுதாயக்கூடத்துச் சாவி எங்கள் வீட்டில் இருந்தது. கூட்டத்திற்குத் திறந்துவிடப் போவேன். பூட்டவும் வேண்டுமே என்று ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது கூட்டத்தில் ரேவதி என் பெயரையும் நோட்டில் எழுதிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. (என் கல்யாணமும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.)

அந்த ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் பிரேயரில் மயங்கி விழுவதாகப் பேச்சு வந்தது. சிஸ்டர் கூட்டம் போட்டார்.

“ஒடம்புல ரத்தம் இல்ல. அதான் விஷயம். வெரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும். மிஷினுக்கும் ஆளுக்கும் நான் ஏற்பாடு பண்றேன். அம்மாக்காரிங்க அனுப்பணும், அதான் கஷ்டம்.”

“வாட்ஸப்ல போட்றவா சிஸ்டர்?” என்றாள் ரேவதி.

“போடு. எல்லாரும் கட்டவெரலக் காட்டிட்டு வேலையப் பாக்கப் போயிருவாங்க.”

ஷாகுல் பாய்தான் யோசனை சொன்னார். “கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடு வீடா போயி அழைக்கணும் சிஸ்டர். நேர்ல வந்து அழைச்சா நம்ம சனம் தட்டாது. கனகக்கா போகட்டும். அக்காமேல ஊர்ல ஒருத்தருக்கும் சண்டை கெடையாது.”

வாஸ்தவம்தான். சண்டை போட வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

“எனக்கு...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் ரேவதி எழுதிவிட்டாள்.

சிஸ்டர் எனக்கு மூன்றே மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, சமுதாயக்கூடம். பொண்ணுக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாக்கறாங்க. வலிக்காது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன். அடுக்களையில் அரிசி களையும்போதெல்லாம் “வலிக்காது, வலிக்காது” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், “யாருக்கு வலிக்காது? எனக்கா?” என்று கேட்டார்.

முதல் வீடு செல்வி வீடு. நடவுக்குப் போகிறவள். அவள் மகள் அபி பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிள்ளை. செல்வியின் அண்ணன் வந்து, “படிச்சது போதும், நிறுத்தி வீட்டோட வெச்சுக்க. நோய்க்காரின்னு பேரு வந்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். செல்வியும் பாதி மனதாகத் தலையாட்டியிருந்தாள். நான் போனபோது அபி உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் புத்தகத்தில். காது எங்கள் பக்கம்.

என் மூன்று வாக்கியத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

செல்வி முந்தானையை உதறிச் செருகினாள். “நீங்க வந்து கூப்பிட்டதுக்காக அனுப்பறேன் அத்தை. ஒரே ஒரு தடவைதான். அதுலயும் என்னன்னு தெரியலன்னா, அண்ணன் சொன்ன மாதிரி படிப்ப நிறுத்திடுவேன். அப்பறம் குழு கிழுன்னு யாரும் என் படி ஏறக் கூடாது.”

உள்ளே புத்தகத்தின் பக்கம் ஒன்று திரும்பியது. திரும்பிய பக்கம் மறுபடியும் பழையபடி திரும்பியது.

தலையாட்டிவிட்டு எழுந்தேன். அப்போதுதான் செல்வி கேட்டாள்.

“ஆமா, சாப்பிட்டு வரணுமா, சாப்பிடாம வரணுமா?”

இது என் மூன்று வாக்கியத்தில் இல்லை.

‘தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சின்ன வாக்கியம்! ஆனால் அழைக்க வந்தவளுக்கே தெரியவில்லை என்றால் என்ன நினைப்பாள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிற நாளெல்லாம் வெறும் வயிற்றோடு போய், பஸ் ஏறுவதிலிருந்து இறங்குவது வரை என்னைத் திட்டிக்கொண்டே வருவார். ரத்தம் என்றால் வெறும் வயிறு. எனக்குத் தெரிந்த வைத்தியம் மொத்தமும் அவ்வளவுதான்.

“வெறும் வயித்துல” என்றேன்.

செல்வி, “அதானே, ரத்தமாச்சே” என்று மரியாதையாகத் தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது. நான் சொல்லி ஒருத்தி ‘அதானே’ என்று கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. இரண்டாவது வீட்டில் கேட்காமலே சொன்னேன். ஐந்தாவது வீட்டில், “தண்ணிகூடக் குடிக்கக் கூடாது” என்று சேர்த்துக்கொண்டேன். பத்தாவது வீட்டுக்குள் நுழையும்போது நான் பாதி டாக்டர். “மொத நாள் ராவே கம்மியா சாப்பிடணும். வயிறு லேசா இருந்தாத்தான் ரத்தம் சுத்தமா வரும்” என்றேன். (இது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.) பர்வீனின் அம்மா, “அதுக்கென்னக்கா, எங்க புள்ளைக்கு நோம்பு வெச்சுப் பழக்கம்தான்” என்று சொல்லி எனக்கு டீ கொடுத்தார். வயிறு நிறையக் குடித்தேன். இரண்டு பிஸ்கட்டும்.

நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். எனக்குப் பரிசோதனை இல்லையே!

எட்டு மணிக்கு நாற்பது பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ரேவதி பட்டியல்படி வரிசையில் நிற்க வைத்தாள். சிஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பாரு கனகம், ஒரு புள்ளகூட பாக்கியில்லாம வந்திருக்கு. நீ கூப்பிட்ட ராசி.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமாம்.

பிள்ளைகள் வந்தார்கள், மிஷின் வரவில்லை. மிஷினும் அதை இயக்குகிற பெண்ணும் வரவேண்டிய வேன், வாய்க்கால் ரோட்டில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. எங்கள் ரோட்டில் குறுவை நடவு சமயத்தில் டிராக்டர் போகிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். மணி ஒன்பது ஆனது. கரண்டு போனது. ஒன்பதேகால் ஆனது. கரண்டு வந்தது, மின்விசிறி சுற்ற மனமில்லாமல் சுற்றியது. பிள்ளைகளிடம் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வயசுப்பிள்ளைகள் நாற்பது பேர் ஓரிடத்தில் நின்று சத்தமே இல்லை என்றால் ஏதோ சரியில்லை என்று மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு, ‘ஆகா, என்ன ஒழுக்கம்!’ என்று தோன்றியது.

ஒன்பதரைக்குப் பர்வீன் சரிந்து ரேவதியின் மேல் விழுந்தாள். நோன்பு பழகிய பிள்ளைதான், ஆனால் நோன்புக்குக்கூட விடியுமுன் எழுந்து சாப்பிடுவார்கள். என் சட்டத்தில் அதுவும் கிடையாது. அவளைப் பிடிக்கப் போன பிள்ளை அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாய்ந்தாள். பிறகு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அறுத்த கதிரை அரி அரியாகப் போட்டது போல வரிசை அப்படியே படுத்துக்கொண்டு வந்தது. எண்ணிப் பார்த்ததில் ஏழு. (ஒன்பது என்று சொல்கிறவர்களும் உண்டு. கடைசி இரண்டும் தோழிகளுக்குத் துணையாகப் படுத்தவை என்பது என் கருத்து.)

“காலத் தூக்கி நாக்காலிமேல வை! பாய், கடையிலேர்ந்து சர்க்கரை! ஓடுங்க!” என்று சிஸ்டர் கத்தினார். பாய் அந்தப் பெருத்த உடம்போடு ஓடி அன்றுதான் நான் பார்த்தேன்.

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் பர்வீன் கண் விழித்தாள். சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

“காலைல என்னடா சாப்புட்ட?”

“ஒண்ணும் சாப்புடல சிஸ்டர்.”

“ராத்திரி?”

“அரை தோசை.”

“அரை தோசையா? ஏன்?”

“ரத்தம் சுத்தமா வரணும்னு.”

சிஸ்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். நான் அங்கே இல்லை. அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்தேன்.

அதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. ‘ஊசி போட்டாங்களாம், பொம்பளப்புள்ளைங்க எல்லாம் விழுந்துருச்சாம்.’ ஊசி இன்னமும் டிராக்டருக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது, அதை யார் கேட்கிறார்கள்? நடவு வயலிலிருந்து அம்மாக்கள் முழங்கால் சேற்றோடு ஓடி வந்தார்கள். சாப்பாட்டுத் தூக்குவாளியை வரப்பில் வைக்கக்கூட நேரமில்லாமல் கையோடு வந்தவர்கள் பாதிப் பேர். ஒருத்தி கையில் பறித்துக் கட்டிய நாற்று முடி அப்படியே இருந்தது.

“யாரக் கேட்டு ஊசி போட்டீங்க?”

“எங்க புள்ளைங்கதான் கெடச்சுதா ஒங்களுக்கு?”

சிஸ்டர் கூடத்து மைக்கைப் பிடித்து, “ஊசியே போடலம்மா. பட்டினியா வந்ததால மயக்கம்” என்றார்.

“மாட்டுனா இப்படித்தான் மாத்திப் பேசுவாங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்காலி இடுக்கு வழியாக நான் பார்த்தேன். செல்வி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அபியின் கையைப் பிடித்தாள். அபி விழவில்லை. விழக்கூடாது என்று சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் விழவே இல்ல. பாத்துட்டுப் போயிரலாம்மா.”

“பாத்த லட்சணம் போதும். வா.”

“அம்மா, இன்னிக்குப் பாக்கலன்னா...”

“வான்னு சொல்றேன்ல!”

அபி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். செல்வி இழுத்தாள். அந்தப் படியைத் தாண்டினால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அது எனக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், அபிக்கும் தெரியும்.

நாற்காலிக்குப் பின்னால் சிஸ்டரின் செருப்பு வந்து நின்றது.

“கனகம்.”

“ம்.”

“வெளிய வா.”

“சிஸ்டர், நீங்களே சொல்லிருங்களேன்...”

“நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீ சொன்னத நம்பித்தானே அத்தனையும் பட்டினியா அனுப்பிச்சிருக்கு.”

சொன்னேனே, அவர் பேசினால்தான் வலிக்கும்.

மைக் வரைக்கும் பத்தடி. நான் நடந்தேனா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா தெரியாது. மைக்கைப் பிடித்ததும் அது ‘கீ’ என்று கத்தியது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது. இத்தனை கண்களை ஒரே சமயத்தில் நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூடக் குனிந்துதான் இருந்தேன்.

“நாந்தான்” என்றேன்.

என் குரல் எனக்கே வெளியிலிருந்து கேட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை போயிருக்கும். செல்வி இழுப்பதை நிறுத்தினாள்.

“நாந்தான் சாப்பிட வேணாம்னு சொன்னேன். சிஸ்டர் சொல்லல. யாரும் சொல்லல. செல்வி கேட்டா, சாப்பிட்டு வரணுமான்னு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால... நானா சொல்லிட்டேன். ஒருத்தர்கிட்ட சொன்னேன், தலையாட்டுனாங்க. நல்லாருந்துச்சு. அதனால எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் ஒரு தடவை திறந்தால் எனக்கு மூடத் தெரியவில்லை.

“புள்ளைங்கள பட்டினி போட்டுட்டு நான் மட்டும் நாலு இட்லி சாப்பிட்டுட்டு வந்தேன்.”

 நாற்று முடியோடு நின்ற பெண் கேட்டாள்:

“தொட்டுக்க என்ன?”

கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. “தேங்காச் சட்னி” என்றேன், மைக்கில்.

முதலில் சிரித்தது செல்விதான் என்று நினைக்கிறேன். சிரித்தாளா, அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியாது. பிறகு கூடமே சிரித்தது. மயங்கிப் படுத்திருந்த பர்வீன் படுத்தபடியே சிரித்தாள். “ஏ கனகம் அத்தை, நீ பேசவே மாட்டேன்னு நெனச்சோமே, பேசாமயே இருந்திருக்கலாம்ல!” என்று ஒருத்தி கத்தினாள். நான் அழுதுகொண்டிருந்தேன். மைக்கை அணைக்காததால் அதுவும் வாய்க்காலைத் தாண்டிப் போனது.

“சிரிச்சது போதும், புள்ளைங்க பசியோட நிக்குது” என்று செல்விதான் முதலில் அபியை உட்கார வைத்துத் தன் தூக்குவாளியைத் திறந்தாள். நீராகாரம், பழைய சோறு, சின்ன வெங்காயம். அபிக்கு ஒரு வாய் கொடுத்தாள். அடுத்த வாய், பக்கத்தில் இருந்த பர்வீனுக்கு. அவ்வளவுதான், சுற்றிலும் தூக்குவாளிகள் திறந்தன. யார் கைக்கு எந்தப் பிள்ளை எட்டியதோ அந்தப் பிள்ளைக்கு ஊட்டினார்கள். யார் வீட்டுச் சோறு யார் வாய்க்குப் போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் இதெல்லாம் பார்ப்பார்கள். நன்றாகவே பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்க்கவில்லை. பாய் ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலிருந்து ஒரு தேக்சா கஞ்சி பின்னாலேயே வந்தது.

வேன் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. நாற்பது பெண்பிள்ளைகளும் அறுபது பெண்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு டிரைவர், “கல்யாணமா? எடம் மாறி வந்துட்டனா?” என்று திரும்பப் போனார். ரேவதி ஓடிப் பிடித்தாள்.

அபியைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். விரலில் ஒரு குத்து. மிஷின் ஒரு எண்ணைக் காட்டியது. சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஏழரை.”

செல்வி நெஞ்சில் கை வைத்தாள். “ஏழரையா? சனியா? எங்கண்ணன் அதான் சொன்னான்!”

“சனியும் இல்ல, சூனியமும் இல்ல. ஒடம்புல ரத்தம் கம்மி. ரொம்பக் கம்மி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன், டாக்டர் பாத்து மருந்து எழுதுவாரு. விடாம சாப்பிட்டா சரியாயிரும். படிப்ப நிறுத்துனா ரத்தம் ஊறாது செல்வி, சோறு கீரை மாத்திரை கொடுத்தாத்தான் ஊறும்.”

“அப்ப இது நோவு இல்லியா?”

“நோவுதான். தீர்ற நோவு.”

 செல்வி சேறு காய்ந்த தன் விரலைச் சேலையில் துடைத்து நீட்டினாள். “எனக்கும் குத்துங்க. எனக்கும் நாத்துப் பறிக்கையில கண்ணு இருட்டுது.” அவளுக்குப் பின்னால் அம்மாக்கள் வரிசை நின்றது. அன்று நடவு நின்று போனதற்கு நான் காரணம் என்று இரண்டு மிராசுகள் இன்னமும் என்னிடம் பேசுவதில்லை. நானும் அவர்களிடம் பேசியதில்லை, ஆகவே பெரிய நஷ்டமில்லை.

அடுத்த நாள் சிஸ்டர் சொன்னபடி கூடவே போனார். மருந்து ஆரம்பித்தது. மாத்திரை போட்டாளா என்று பார்க்க முதல் மாதம் நான்தான் தினமும் செல்வி வீட்டுப் படி ஏறினேன். ஏறக் கூடாது என்றவள் மோர் கொடுத்தாள். செல்வியின் அண்ணன் ஒருநாள் வந்து, “இந்தம்மாதானே புள்ளைங்கள மயக்கம் போட வெச்சது?” என்று கேட்டான். அபி புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், “ஆமா மாமா. அதனாலதான் நான் ஸ்கூலுக்குப் போறேன்” என்றாள். அவன் புரியாமல் போய்விட்டான். எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.

அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், “கனகம், இன்னிக்கு எனக்குச் சோறு உண்டா, இல்ல ரத்தம் எடுக்க வர்றாங்களா?” என்று கேட்காத நாளில்லை. மகன் போன வருஷம் வீடு கட்டிக் குடிபோனபோது அழைக்கப் போனேன். போன வீட்டிலெல்லாம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “சாப்பிட்டு வரணுமா, சாப்பிடாம வரணுமா?” என்று கேட்டார்கள். கடைசியில் மருமகள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தானே உள்ளே போய் அழைத்துவிட்டு வந்தாள்.

அபி இப்போது நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் குழு வேலைக்கு வந்துவிடுவாள். வீடு வீடாகப் போய் அழைக்கிற வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் பைக் ஓட்டுகிற பையன்களுக்கு ஹெல்மெட் பற்றிப் பேச ஒரு கூட்டம். ரத்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கூட்டத்திற்கு வந்த ஒவ்வொரு பையனும் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தான். என்ன விஷயம் என்று கேட்டேன்.

“அபி அக்காதான் சொன்னாங்க பாட்டி. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுத்தான் வரணுமாம். கனகம் பாட்டி கண்டிஷனா சொல்லிட்டாங்களாம்.”

நான் அப்படி எதுவுமே சொல்லவில்லை. இதைச் சிஸ்டரிடம் சொன்னேன், பாயிடம் சொன்னேன், ரேவதியிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.